தோட்டத்து மண்டபத்துக்குப் பழைய கல் தூண் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நான்கு கால் மண்டபம் ஒன்று எழுப்பி, அதன் முன்னே துளசி மாடம் வைக்க விரும்புகிறோம். செட்டிநாட்டில் இடித்த வீடுகளின் கருங்கல் தூண்களைக் கொண்டுவந்து தருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். 200 ஆண்டுப் பழமையான நந்தி ஒன்றும் இருக்கிறதாம். ரசீது மட்டும் தர முடியாது என்கிறார். வாங்கினால் பின்னால் சிக்கல் வருமா?

பதில்: நந்தியை வாங்காதீர்கள். தூண்கள் எந்த வீட்டிலிருந்து வந்தன, அந்த வீட்டுக்காரர் யார் என்பது எழுத்தில் கைக்கு வரும்வரை அவற்றுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த சிற்பம் மட்டுமல்ல, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த அந்த வயதுள்ள பொருளும் தொல்பொருளே. அதை விற்பதைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். கல் சிற்பம் வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவான பொருள் கை மாறினால் அதையும் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். நந்தி சிவன் கோயிலில் இருக்கும் சிற்பம் என்பதால், அது ஏதோ ஒரு கோயிலிலிருந்து வந்ததா என்ற கேள்வி என்றைக்கு வேண்டுமானாலும் எழலாம். அன்றைக்குச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். தரகர் தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார்.

ரசீது தர மறுக்கும் தரகர் சொல்வது உண்மை என்றால் நீங்கள் சட்டத்தில் மாட்டுகிறீர்கள். பொய் என்றால் புதுக் கல்லுக்குப் பழங்கல்லின் விலையைக் கொடுக்கிறீர்கள். நேற்று செதுக்கிய கல்லில் ஆசிட் ஊற்றி, சில மாதம் ஈர மண்ணில் புதைத்து, 'கோயில் கல்' என்று விற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உளியின் தடம் புதிதாகவும் கூர்மையாகவும் இருக்க, மேலே கறை மட்டும் படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். தூணில் எழுத்து ஏதும் வெட்டியிருந்தால் அது கோயில் கல்வெட்டாக இருக்கலாம், விலையே பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ஒரே ஒரு நிலைமை வேறு. உங்கள் குடும்பத்துப் பூர்வீக வீடு இடிபட்டு, அதன் தூண்களை நீங்களே கொண்டுவருவதானால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் இடிப்பதற்கு முன்பே, தூண்கள் நின்ற இடத்திலேயே, வீட்டு முகப்பும் தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். பத்திரத்தின் நகலையும், பங்காளிகள் எல்லாரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். பெரியப்பா வாய்மொழியாகச் சொன்னார் என்பது நாளைக்கு உதவாது. லாரி வந்து நின்ற பிறகு பங்காளிச் சண்டையில் தூண்கள் நடுத்தெருவில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் உருவச் சிற்பம் இருந்து, வயதும் 100 ஆண்டைக் கடந்திருந்தால் பதிவு செய்யும் கடமை உங்களுக்கும் உண்டு. எங்கே, யாரிடம் பதிவு செய்வது என்று சாதாரண ஊரில் இருப்பவருக்குச் சொல்ல ஆள் இல்லை. நூறு ஆண்டு வீட்டை இரண்டு நாளில் இடித்துத் தள்ள விடுகிறார்கள். அதிலிருந்து ஒரு தூணைக் காப்பாற்ற நினைப்பவரைத்தான் அலைய விடுகிறார்கள். சட்டத்தை எழுதியவர்கள் நேர்மையானவனுக்கு வழிகாட்டப் பக்கத்திலேயே ஓர் ஆளையும் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் நிலையில் எனக்குச் சரியென்று படுவது புதிய தூண்தான். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இயங்குகிறது. சுற்றிலும் பட்டறைகள் இருக்கின்றன. அளவும் வேலைப்பாடும் எழுதிக் கொடுத்து, ரசீதுடன் வாங்கலாம். ஓர் அடிச் சதுரமும் எட்டடி உயரமும் உள்ள கருங்கல் தூண் ஏறத்தாழ 600 கிலோ இருக்கும் என்பதை முன்கூட்டியே நினைவில் கொள்ளுங்கள். கிரேன் உள்ளே வர வழி இல்லாத தோட்டத்தில் தூணைப் பாதி வழியில் போட்டுவிட்டு, நிறுத்துவதற்குத் தனிக்கூலி கேட்பார்கள்.

கோயில் மண்டபத்தில் தூணின் தலையில் உட்காரும் போதிகைக் கல்லும் உத்தரமும் மேல்தளக் கல்லும் அழுத்தும் பாரத்தால்தான் தூண் அசையாமல் நிற்கிறது. நீங்கள் மேலே ஓடு வேய்ந்த இலேசான கூரை போடப் போகிறீர்கள் என்றால் அந்தப் பாரம் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு தூணின் அடியிலும் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் கான்கிரீட் அடித்தளத்தோடு பிணைக்கச் சொல்லுங்கள். கோவையில் பல இடங்களில் கரிசல் மண். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். அதைத் தாண்டிக் கெட்டித் தரை வரை அடித்தளம் இறங்காவிட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் தூண் சாயும்.

துளசி மாடத்தை மண்டபத்தின் நிழல் விழாத இடத்தில் வையுங்கள், அடியில் நீர் வடியத் துளை விடுங்கள். நிழலும் தேங்கிய நீரும் இருந்தால் எத்தனை அழகான மாடத்திலும் துளசி தழைக்காது.