பழைய வண்டிக்குப் பழைய இன்ஜின்: கேளுங்க, சொல்றேன்

மதுரைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல ஒர்க்‌ஷாப் நடத்தினவன் நான். இப்போ கையில ஸ்பானர் பிடிக்கிறது கொறைஞ்சு போச்சு, வாய் மட்டும் ஓயல. செகண்ட்ஸ் இன்ஜின் வாங்கிப் பழைய வண்டியில மாத்துறதைப் பத்தி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில்.

கேள்வி (சேலம்): ஐயா, எங்க அப்பாவோட 1986 மாடல் அம்பாசிடர், பெட்ரோல். ஆயில் குடிக்குது, ஏற்காடு ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில கான்டெஸா காரோட இசுஸு 1.8 இன்ஜின் இருக்குன்னு சொல்றாங்க. போட்டுறலாமா?

பதில்: தம்பி, போட முடியும். அம்பாசிடர் செஞ்ச கம்பெனிக்காரங்களே தொண்ணூறுகள்ல அதுல இசுஸு 1.8 போட்டு 1800 ஐ.எஸ்.இசட்.னு வித்தாங்களே. அதனால பானெட்டுக்குள்ள இடம் பத்துமான்னு கவலை வேண்டாம். ஆனா இன்ஜினை மட்டும் தூக்கிட்டு வந்தா ஆகாது. உங்க வண்டியில இருக்கிறது நாலு கியர், ஸ்டியரிங்ல கைப்பிடி. அந்த இன்ஜினோட வர்றது அஞ்சு கியர் பெட்டி, தரையில லிவர். கியர் பெட்டி, அதை இன்ஜினோட இணைக்கிற பெல் ஹவுசிங், கிளச், மவுண்டிங் பிராக்கெட், மேனிஃபோல்ட், செல்ஃப் மோட்டார், ரேடியேட்டர் எல்லாம் ஒரே வண்டியிலருந்து செட்டா வாங்கணும். பின்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட நீளம் மாறும். அதை வெட்டி ஒட்டினா கண்டிப்பா பேலன்ஸ் பார்க்கணும், இல்லேன்னா அறுபதைத் தாண்டினதும் வண்டி முழுக்க நடுங்கும். நாலு சக்கரமும் டிரம் பிரேக்கா இருந்தா, அதையும் கணக்குல சேத்துக்கோங்க. ஓடுற வேகம் கூடும்போது நிக்கிற வேகமும் கூடணும்ல?

என்னைக் கேட்டா, முதல்ல இருக்கிற இன்ஜினைப் பாருங்கம்பேன். அந்த 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜின் இங்கிலாந்துல மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காருக்குப் போட்ட அதே ரகம். கிராங்குக்கு மூணே மெயின் பேரிங். ஊருக்கு ஊர் லேத்துல போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக் குடுத்துருவாங்க. ஏத்தத்துல இழுக்காததுக்குக் கிளச் வழுக்குறது, பாயின்ட் டைமிங் தள்ளிப் போனது, கார்பரேட்டர் ஜெட் அடைச்சதுன்னு நூறு ரூபாய்க் காரணமும் இருக்கலாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாக்காம இன்ஜினைக் கழட்டச் சொல்ற மெக்கானிக் கிட்ட வண்டியை விடாதீங்க.

கேள்வி (ஈரோடு): காயலாங்கடையில தரையில கெடக்கிற இன்ஜின் நல்லதா கெட்டதான்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது? ஓட்டிப் பாக்க முடியாதே.

பதில்: இதைத்தான் எல்லாரும் கேக்கணும், யாரும் கேக்கிறதில்ல.

கடைக்காரர் துடைச்சுப் பளபளன்னு வெச்சிருக்கிற இன்ஜினை விட, அழுக்கோட கெடக்கிறதை நம்புவேன். அழுக்கு பொய் சொல்லாது. எங்கே ஒழுகியிருக்குன்னு அதுவே காட்டிரும். முதல்ல ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க. உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையா நுரை படிஞ்சிருந்தா தண்ணி கலந்திருக்கலாம். சும்மா நின்ன வண்டியில ஈரத்தாலயும் கொஞ்சம் வரும், அதனால டிப் ஸ்டிக்கையும் உருவிப் பாருங்க. அங்கேயும் அதே நிறம்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துருங்க. கறுப்பா தார் மாதிரி கட்டியிருந்தா, ஆயில் மாத்தாம ஓட்டின வண்டி.

பிளக்கை ஒண்ணொண்ணா கழட்டி வரிசையா வைங்க. மூணு பிளக் பழுப்பா இருந்து ஒண்ணு மட்டும் ஆயில்ல நனைஞ்சிருந்தா, அந்த சிலிண்டர்ல ரிங்கோ வால்வ் கைடோ போயிருக்கு. ஒண்ணு மட்டும் ஆவியில கழுவின மாதிரி சுத்தமா இருந்தா, ஹெட் கேஸ்கெட் வழியா தண்ணி போயிருக்கும். அப்புறம் கிராங்க் புல்லியில ஸ்பானர் போட்டு ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க. எங்கேயும் இறுகக் கூடாது. புல்லியைப் பிடிச்சு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க. கையில தெரியிற அளவுக்கு ஆட்டம் இருந்தா கிராங்க் முன்பின் ஆடாம தாங்குற த்ரஸ்ட் வாஷர் தேஞ்சு போச்சு.

பெல் ஹவுசிங்கும் செல்ஃபும் இன்ஜின்லயே இருந்தா, ஒரு பேட்டரி கொண்டுபோய் அங்கேயே கம்ப்ரஷன் எடுத்துரலாம். எல்லாப் பிளக்கும் வெளியே இருக்கணும், த்ராட்டில் முழுசா திறந்திருக்கணும். கேஜ் எவ்வளவு காட்டுதுங்கிறதை விட, சிலிண்டருக்கு சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம்ங்கிறதைப் பாருங்க. பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதி. ஒண்ணு மட்டும் தாழ்ந்து இருந்தா, பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. ஏறினா ரிங் தேய்மானம். ஏறலேன்னா வால்வ், இல்ல கேஸ்கெட். கடைக்காரர் இதுக்கெல்லாம் விடலேன்னா அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி (திருச்சி): இன்ஜின் நம்பர் மாறுமே, போலீஸ், ஆர்.டி.ஓ. பிரச்சினை வராதா?

பதில்: வரும், மறைச்சா. ஆர்.சி.யில சேஸிஸ் நம்பரோட இன்ஜின் நம்பரும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி முதல்ல குடுத்த விவரத்துலருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் கம்பெனி குடுத்த அளவுகள்லருந்து வண்டியை மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லியாச்சு. அதே கம்பெனி, அதே ரகம், அதே எரிபொருள் இன்ஜின்னா ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி நம்பரை ஏத்திக்கலாம். சி.சி. மாறினா, ரகம் மாறினா, வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே போய்க் கேளுங்க. சேலம் தம்பி, இசுஸு ஆசை இருக்கிற உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

கடையில பில் வாங்குங்க. பில்லுல இன்ஜின் நம்பரும், அது எந்த வண்டியில இருந்ததுன்னு அந்த வண்டி நம்பரும் இருக்கணும். நான் தொழில் தொடங்கின புதுசுல, விலை மலிவா இருக்கேன்னு பில் இல்லாம ஒண்ணு வாங்கிப் போட்டேன். எட்டு மாசம் கழிச்சு எஃப்.சி.க்கு, அதாவது வண்டி தகுதிச் சான்றுக்குப் போனப்போ, நம்பர் இருந்த இடத்துல அரைச்ச தடம் இருக்குன்னு இன்ஸ்பெக்டர் விரலை வெச்சுக் காட்டினார். வண்டிக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கல. இன்ஜினைக் கழட்டி, என் காசுல வேற போட்டுக் குடுத்தேன்.

கேள்வி (கோவை): சார், மாருதி 800 கார்பரேட்டர் மாடல். ஆல்டோ எம்.பி.எஃப்.ஐ. (கார்பரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்‌ஷன்) இன்ஜின் போட்டா மைலேஜ் ஏறும்ங்கிறாங்க. நெஜமா?

பதில்: ஏறலாம். ஆனா இரும்பு வேலை ஒரு நாள், ஒயர் வேலை ஒரு மாசம். கார்பரேட்டருக்குப் பெட்ரோல் தர்ற பம்ப் லேசாத் தள்ளினாப் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு சுமார் 3 பார் அழுத்தம் வேணும். அதனால டேங்குக்குள்ள மின்சார பம்ப், தாங்குற ஹோஸ், எல்லாம் மாறணும். இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர் பெட்டியான இ.சி.யு.வையும் ஒயரிங்கையும் வெட்டாம முழுசா எடுக்கணும். காயலாங்கடையில கட்டர் போட்டு நறுக்கின ஒயரை ஒட்டிக்கிட்டு உக்காந்தா தீபாவளி வந்துரும். பின்னாடி வந்த ஆல்டோக்கள்ல சாவியும் இ.சி.யு.வும் ஜோடி. அந்த வண்டியோட சாவியும், சாவியை அடையாளம் பாக்குற இம்மொபிலைசர் பெட்டியும் இல்லாம இ.சி.யு. மட்டும் வாங்கினா, செல்ஃப் சுத்தும், ஸ்டார்ட் ஆகாது.

ஆசை விடலேன்னா ஆல்டோவை விட்டுட்டு, 2000-க்கு அப்புறம் வந்த எம்.பி.எஃப்.ஐ. மாருதி 800-ஐத் தேடுங்க. டேங்க், ஒயரிங் எல்லாம் உங்க பாடிக்கே அளவெடுத்து வெச்ச மாதிரி வரும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, என்னட்ட 1960-ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் நிக்குது. 948 எஞ்சின் களைச்சுப் போச்சு. நிசான் ஏ12 எஞ்சின் பூட்டச் சொல்லினம். உங்கட அபிப்பிராயம் என்ன?

பதில்: வணக்கம் தம்பி. உங்க ஊர் மெக்கானிக் பாஸ்கள் இந்த வேலையில எங்களை விடக் கை தேர்ந்தவங்க. ஏ12 சின்னது, உறுதியானது, 1171 சி.சி. கியர் பெட்டியையும் சேத்தே வாங்குங்க. மைனர்ல கிளச் கம்பியும் நெம்பும் வெச்சது, நிசான் பெட்டிக்கு அது ஒத்து வராது. அதை எப்படி மாத்தப் போறீங்கன்னு எஞ்சின் இறக்குறதுக்கு முன்னமே முடிவு பண்ணுங்க. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழ இருக்கு, துரு பிடிக்கிற இடம். அதையும் கையோட பாருங்க. பழமை மாறக் கூடாதுன்னு நினைச்சா, பிந்தின மைனரோட 1098 எஞ்சினே போதும். உங்க 948 மாதிரியே அதுவும் பி.எம்.சி.யோட ஏ சீரிஸ் குடும்பம்தான். சட்டம் உங்க பக்கம் வேற, அங்கேயே விசாரிங்க.

கேள்வி (விருதுநகர்): இன்ஜின் வெளிய இருக்கும்போதே வேற எதெல்லாம் மாத்தணும்ணே? மெக்கானிக் எதுவும் வேண்டாம், நல்லாத்தான் இருக்குங்கிறார்.

பதில்: ஏம்மா, அவர் கூலியைக் கொறைச்சுச் சொன்னதால அப்படிச் சொல்றார். கிளச் பிளேட், ரிலீஸ் பேரிங், ரெண்டு பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட் இருக்கிற இன்ஜின்னா அந்த பெல்ட், எல்லா ரப்பர் ஹோஸும். பெட்ரோல் ஹோஸை மறக்கவே கூடாது. இப்போ பங்க்குல வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னுரும். இதெல்லாம் வெளியே இருக்கும்போது அரை மணி வேலை. உள்ள போயிட்டா மறுபடி இன்ஜினைத் தூக்குற செயின் பிளாக் கட்டணும். பழைய பி.எம்.சி. இன்ஜின்ல பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது, திருகுத் தடம் வெச்சு ஆயிலைத் திருப்பிவிடுற அமைப்பு. அங்கே ரெண்டு சொட்டு விழுந்தா மெக்கானிக்கைத் திட்டாதீங்க.

கேள்வி (தஞ்சாவூர்): பெட்ரோல் வண்டியில டீசல் இன்ஜின்?

பதில்: ஒரு காலத்துல டாக்ஸிக்காரங்க வரிசையில நின்னு மாத்துவாங்க. இன்னைக்கு வேண்டாம்.

கேள்வி (சேலம், மறுபடியும்): ஐயா, கடைசியா ஒண்ணு. கழட்டின பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுரவா?

பதில்: போடாதீங்க தம்பி. ஆர்.சி.யில இன்னும் அந்த நம்பர்தான் இருக்கு. பிளக் ஓட்டை வழியா ஆயில் விட்டு, நாலு சுத்து சுத்தி, ஓட்டையெல்லாம் துணியால அடைச்சு, தார்ப்பாய் போட்டு மூடி, தரையில படாம மரக்கட்டை மேல வைங்க. மாசம் ஒரு தடவை சுத்தி விடுங்க. போட்ட இன்ஜின் சரியா வரலேன்னா, அப்பா வண்டிக்கு அப்பா இன்ஜினையே போர் பண்ணிப் போட்டுக்கலாம்.