மந்திரக் கதைப் புத்தகத்தை எரிக்க வேண்டாம், சகோதரி

மகன் பள்ளி நண்பனிடம் வாங்கி வந்த ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தைச் சபை மூப்பர் எரிக்கச் சொல்கிறார், பையனோ அதை ஒளித்து வைத்து வாசிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து எரிக்காதீர்கள். முதலாவது, அது இன்னொரு பிள்ளையின் பொருள்.

மூப்பரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உபாகமம் 18:10-12 குறி கேட்பதையும் சூனியத்தையும் கண்டிப்பாகத் தடுக்கிறது. ஆனால் வேதத்தில் எபேசு பட்டணத்தில் எரிக்கப்பட்டவை (அப்போஸ்தலர் 19:19) மாயவித்தை செய்துவந்தவர்கள் தாங்களாகவே கொண்டுவந்த சொந்தப் புத்தகங்கள். யாரும் பிடுங்கி எரிக்கவில்லை.

நிஜமான மாயவித்தைக்கும் வெறும் கதைக்கும் உள்ள வித்தியாசம் யாங்கோனில் வாழும் நமக்கு நன்றாகவே தெரியும். பக்கத்து வீட்டில் மின் மகாகீரி நாட் என்ற பர்மிய வீட்டுக் காவல் தேவதைக்குச் சிவப்புத் துணி சுற்றித் தேங்காய் தொங்குகிறது. அது அவர்களுக்கு உண்மையான வழிபாடு. சூலே பகோடா பக்கம் ஜோசியரிடம் போய் உட்கார்ந்தால், அதைத்தான் வேதம் தடுக்கிறது. கதையில் பறக்கும் துடைப்பத்தை யாரும் கும்பிடுவதில்லை. விசுவாசியான சி.எஸ். லூயிஸே 1950 முதல் 1956 வரை ஏழு நார்னியா சிறுவர் கதைகளை வெளியிட்டார், சூனியக்காரியும் மந்திரமும் அவற்றில் உண்டு.

இன்னொன்று. 2007-இல் வந்த கடைசி ஹாரி பாட்டர் புத்தகத்தில், ஹாரியின் பெற்றோர் கல்லறையில் பொறித்திருப்பது 1 கொரிந்தியர் 15:26, அதாவது அழிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம் என்ற வேத வசனம். மூப்பரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

இப்போதைக்கு முதல் புத்தகத்தை அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள். பின்னால் வருபவற்றில் சாவும் கொடுமையும் அதிகம், அவை இரண்டு மூன்று வருஷம் பொறுக்கட்டும். ராத்திரி பயந்தாலோ, நிஜமாகவே மந்திரம் செய்து பார்க்கத் தொடங்கினாலோ நிறுத்திவிடுங்கள். அப்புறம், மற்ற பெற்றோர் மனம் நோகாதபடி, ஞாயிறு பள்ளிக்கு மட்டும் அதை எடுத்துப்போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.