இ-சிகரெட்டில் வருவது வெறும் நீராவிதானே, அதில் என்ன ஆபத்து?

நீராவி கிடையாது. பத்து வருடம் சிகரெட் பிடித்துவிட்டு, அதை விடுவதற்காக இதற்கு மாறியவன் நான். முதல் சில மாதம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கிற திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனைக்கான ரசாயனங்கள். பஞ்சில் ஊறிய அதை ஒரு சின்னக் கம்பிச்சுருள் சூடாக்க, மிக நுண்ணிய துளிகளாக நெஞ்சுக்குள் போகிறது. திரவம் தீர்ந்தது தெரியாமல் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், பஞ்சு கருகிய காட்டம் தொண்டையைப் பிறாண்டும். சூடு இப்படி எகிறும்போதுதான் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் மாதிரியான நச்சுகள் அதிகம் உருவாகின்றன. கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம்கூடக் கொஞ்சம் கலக்கும்.

அதற்காக "சிகரெட்டைவிட இது மோசம்" என்பதும் சரியில்லை. இதில் புகையிலை எரிவதில்லை, அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட் மாதிரி உள்ளே போவதில்லை. 2019-20இல் அமெரிக்காவில் 2,800 பேருக்கு மேல் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்களே, அதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அதில் பெரும்பாலானவர்கள் இழுத்தது கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி கலந்த சரக்கு, முக்கியக் குற்றவாளி அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். சாதாரண நிகோடின் திரவத்தின் கதை வேறு, அதுவும் சாது இல்லை என்றாலும்.

நிகோடினே புற்றுநோய் தருகிறது என்றும் பலர் நம்புகிறார்கள். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் எரியும் புகை. நிகோடின் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயம் இல்லை, அதுவும் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற வயதில். இப்போது வருகிற நிகோடின் உப்பு வகைத் திரவங்கள் தொண்டையில் அவ்வளவாக எரிவதில்லை, எவ்வளவு உள்ளே போகிறதென்றே தெரியாது. சிகரெட் என்றால் ஒரு கட்டத்தில் விரலைச் சுடும், தூக்கிப்போட்டுவிடுவோம். இதற்கு முடிவே இல்லை. படுக்கையில், குளியலறையில், போன் பேசும்போது என்று நாள் பூராவும் கையிலேயே இருந்தது எனக்கு. நடுவில் ஆறு மாதம் சிகரெட்டையும் விடாமல் இரண்டையும் பிடித்தேன், அதைவிட முட்டாள்தனம் வேறில்லை.

அப்புறம் திரவத்தில் இருக்கிற நிகோடினை ஒரு மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராமிலிருந்து 6, 3 என்று குறைத்து, கடைசியில் பூஜ்யத்துக்கு வந்து நிறுத்தினேன். இன்னும் சில சமயம் கை தானாகச் சட்டைப்பையைத் தடவுகிறது.