கேளுங்கள், சொல்கிறேன்: மூன்று அனார்கலியிலும் ஒரு சுலோச்சனா

(இந்திய சினிமாவின் மிக உயர்ந்த விருதான பால்கே விருது வாங்கிய பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது ஊமைப்பட நடிகை சுலோச்சனாவை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். வாசகர்கள் விடுவதாக இல்லை. இந்த இதழ் முழுக்க அவர்தான்.)

மயிலாடுதுறை வாசகி: இந்திப் படங்களில் அம்மாவாக வந்து அழுவாரே, அந்த சுலோச்சனாதானே?

இல்லைம்மா. நீங்கள் சொல்வது சுலோச்சனா லட்கர், மராத்திக்காரர். நான் சொன்னவரின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். 1907-ல் புனேயில் பிறந்தவர், பாக்தாதி யூத வம்சம். சினிமாவுக்கு முன்னால் டெலிபோன் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே பலகையில் உள்ள துளைகளில் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி லைன் கொடுக்கிற வேலை. கோஹினூர் படக் கம்பெனியைச் சேர்ந்த டைரக்டர் மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். நல்ல வீட்டுப் பெண் சினிமாவுக்குப் போவாளா என்று ஊரே கேட்ட காலம். பவ்னானி விடவில்லை. 1925-ல் 'வீர் பாலா' வந்தது.

இந்துக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் பெண்ணைக் கேமரா முன்னால் நிறுத்தத் தயங்கியதால், யூத, ஆங்கிலோ இந்தியப் பெண்களுக்குத்தான் அன்று கதாநாயகி வாய்ப்பு அதிகம். படத்தில் பேச்சு கிடையாது. பாஷை தெரியாவிட்டாலும் யாருக்கும் கவலையில்லை. கதையை எழுத்து அட்டை சொல்லிவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை உரக்க வாசித்துக் காட்டக் கொட்டகையில் ஓர் ஆள் இருப்பார்.

சீதை, தமயந்தி என்று மற்றவர்கள் புராணத்தில் நின்றபோது இவர் 'டைப்பிஸ்ட் கேர்ள்' (1926) ஆனார், 'இந்திரா பி.ஏ.' (1929) ஆனார். இடையில், 1927-ல், 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'. அதில் எட்டு வேஷம்! தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப்பொறுக்கிப் பையன், வாழைப்பழம் விற்கிறவர், பொன்னிற முடி வெள்ளைக்காரி என்று மாறி மாறி வந்தார். பல வேஷம் போடுவது ஹீரோக்களின் ஏகபோகம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஈரோடு வாசகர்: பம்பாய் கவர்னரைவிட அவருக்குச் சம்பளம் அதிகமாமே?

எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னால் அவர் நடித்த இம்பீரியல் படக் கம்பெனியில் அவருக்கு மாதம் 5,000 ரூபாய் என்கிறார்கள். 1935-ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள்: மதராஸ், பம்பாய் கவர்னர்களுக்கு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். அதாவது மாதம் பத்தாயிரம். கணக்கு உதைக்கிறதே! யாரோ ஒருவர் விளம்பரத்துக்காகக் கிளப்பிவிட, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அதற்காக ஐயாயிரத்தைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். ஏறக்குறைய இருபது ரூபாய்க்கு ஒரு பவுன் கிடைத்த காலம் அது. கவர்னரை இழுக்காமலேயே அந்தத் தொகை போதும், வாயைப் பிளக்க.

விருதுநகர் வாசகர்: பேசும் படம் வந்ததும் காணாமல் போனவர்களில் இவரும் ஒருவர்தானே?

இந்தக் கதையை ஹாலிவுட்டிலிருந்து கடன் வாங்கி எல்லா ஊமைப்பட நட்சத்திரத்துக்கும் மாட்டிவிடுகிறோம். பாதிதான் நிஜம்.

இம்பீரியல் முதலாளி அர்தேஷிர் இரானி 1931-ல் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வை எடுத்தார். கம்பெனியின் பெரிய நட்சத்திரம் சுலோச்சனா. ஆனால் கதாநாயகி வேஷம் ஜுபைதாவுக்குப் போனது. காரணம், சுலோச்சனாவுக்கு ஹிந்துஸ்தானி, அதாவது இந்தியும் உருதுவும் கலந்த பேச்சு மொழி, சரளமாக வராது. நாள் பூரா பேசிப் பிழைத்த டெலிபோன்காரிக்கு, சினிமா பேச ஆரம்பித்த அன்று வேலை இல்லை!

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒரு வருஷம் ஒதுங்கியிருந்து ஹிந்துஸ்தானி கற்றார். 1932-ல் தன் பழைய 'மாதுரி'யையே பேசும் படமாக்கி நடித்தார், ஓடியது. பிறகு வரிசையாக 'இந்திரா எம்.ஏ.' (பேச வந்ததும் பட்டமும் உயர்ந்துவிட்டது), 'அனார்கலி', 'பம்பாய் கி பில்லி' (பழைய 'வைல்ட்கேட்'தான்). சொந்தமாக ரூபி பிக்ஸ் என்று கம்பெனியும் தொடங்கினார். பேச்சு அவரைக் கவிழ்த்தது என்றால் இதெல்லாம் என்ன?

என்னைக் கேட்டால், கவிழ்த்தது வேறு. தலைப்புகளை இன்னொரு முறை படியுங்கள்: எல்லாம் அவரே ஊமையாக நடித்த படங்கள். புதுக் கதை தேட யாருக்கும் தைரியம் இல்லை, அவருக்கும் இல்லை. முப்பதுகள் முடிவதற்குள் இளம் கதாநாயகிகள் வந்துவிட்டார்கள். ஹீரோவுக்கு நாற்பது வயது ஒரு பொருட்டில்லை, ஹீரோயினுக்கு முப்பதே அதிகம் என்கிற சட்டம் அன்றும் உண்டு.

அனார்கலிக் கதையை மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன். மொகலாய இளவரசன் சலீம், அரண்மனை நடனக்காரி அனார்கலியைக் காதலிக்கிற கதை. 1928-ல் இன்னொரு கம்பெனி, சீதாதேவியைப் போட்டுப் பெரிய செலவில் அதே கதையை எடுத்துக்கொண்டிருந்தது. இம்பீரியல் அவசர அவசரமாக ஆர்.எஸ். சௌத்ரி டைரக்‌ஷனில் சுலோச்சனாவை வைத்து எடுத்து, முந்திக்கொண்டு வெளியிட்டது. ஜனங்கள் அதைத்தான் பார்த்தார்கள். இன்றைக்கு என்றால் வழக்கு, தடை என்று ஆகியிருக்கும். 1935-ல் அதே ஆர்.எஸ். சௌத்ரி டைரக்‌ஷனில் பேசும் 'அனார்கலி', கதாநாயகி மறுபடி இவரே. 1953-ல் மூன்றாவது 'அனார்கலி'. பீனா ராய் கதாநாயகி. சுலோச்சனா, சலீமின் அம்மா ஜோதாபாய்! எந்தப் பெண்ணைச் சலீம் கட்டக் கூடாதோ, அந்தப் பெண்ணாக இரண்டு முறை இருந்தவர், கடைசியில் அரண்மனைப் பக்கம் நின்றார்.

திருநெல்வேலி வாசகர்: நடிகர் டி. பில்லிமோரியாவுடன் அவருக்குக் காதல் என்கிறார்களே?

இரண்டு பேரும் முப்பதுகளில் வெற்றி ஜோடி. மற்றது அவர்கள் வீட்டு விஷயம் சார்.

புதுக்கோட்டை வாசகி: இவருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உங்கள் ஊரே சம்பந்தம்தான்! 'டைப்பிஸ்ட் கேர்ள்' படத்தில் கூட நடித்த ராஜா சாண்டோ புதுக்கோட்டைக்காரர். பயில்வானாக இருந்து பம்பாய் போய் ஸ்டாராகி, டைரக்டராகவும் ஆனவர். தமிழ்நாடு அரசு அவர் பெயரில் விருது கொடுக்கிறது. அதோடு, தமிழின் முதல் பேசும் படம் என்கிற 'காளிதாஸ்' தயாரானதும் அதே இரானியின் இம்பீரியலில்தான், 1931-ல். நாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, ஹீரோ தெலுங்கில் பதில் சொல்வார். அங்கே அது செல்லுபடியாயிற்று. சுலோச்சனா கொஞ்சம் தெற்கே பிறந்திருக்கலாம்.

தஞ்சாவூர் வாசகர்: அவர் படங்களை யூடியூபில் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. எங்கே பார்க்கலாம்?

ஊமைப்படங்களைத் தேடி அலைய வேண்டாம். இந்தியாவில் எடுத்தவை 1,300க்கு மேல். மிஞ்சியவற்றை எண்ணச் சில பத்துகள் போதும். அன்றைய நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், வெயிலில் பிசுபிசுத்துப் போகும். ஓடி முடிந்த பிரதியை வெள்ளிக்காக உருக்கி விற்றவர்களும் உண்டு. 1973-ஆம் ஆண்டுக்கான பால்கே விருதை அவருக்குக் கொடுத்தபோது, எந்தப் படங்களுக்காகக் கொடுத்தார்களோ அவற்றில் பெரும்பாலானவை அழிந்து போயிருந்தன. பிறகு 1983 அக்டோபரில், பம்பாயில் காலமானார்.

1953 'அனார்கலி' மட்டும் சுலபமாகக் கிடைக்கும். பாட்டுக்காகப் பார்ப்பவர்கள் பாட்டு முடிந்ததும் ஓட்டிவிடுவார்கள். ஜோதாபாய் வரும் காட்சிகளை ஓட்டாமல் பாருங்கள்.