ஆற்றில் குஞ்சு விட்டால் நாட்டு மீன்கள் திரும்பிவிடுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஆற்றில் நாட்டு மீன்கள் அநேகமாக அற்றுப்போய்விட்டன. ஊரில் பணம் திரட்டிக் குஞ்சுகள் வாங்கி விடலாம் என்று இருக்கிறோம். எந்த வகை விடலாம்?

இப்போதைக்கு எதையும் விடாதீர்கள். பணம் பெட்டியிலேயே இருக்கட்டும். இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அதே தவற்றை நானும் செய்தவன் என்பதுதான்.

பவானி ஆற்றங்கரையில் எங்கள் ஊர். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து குஞ்சுகள் வாங்கினோம். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகள், விரல் நீளக் குஞ்சுகள், தேங்காய் உடைப்பு, போட்டோ எல்லாம் ஆயிற்று. விற்றவர் "நாட்டு ரகம்" என்றார், நாங்களும் நம்பினோம். கரையில் நின்ற வயதான பரிசல்காரர் ஒருவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது கட்லா, கண்ணு. தலையைப் பார்த்தாலே தெரியவில்லையா? இதற்கு ஆறு எதற்கு, குளம் போதுமே" என்றார். கட்லாவும் ரோகுவும் வட இந்திய ஆறுகளின் மீன்கள். நாங்கள் அன்று ஆற்றுக்குக் கொடுத்தது இன்னும் கொஞ்சம் போட்டி, அவ்வளவுதான்.

கட்லா விட்டதோடு எங்கள் தவறு நின்றது. காவிரியில் நடந்தது இதைவிடப் பெரியது. அங்கே கூன்முதுகு மகாசீர் என்றொரு பெருங்கெண்டை உண்டு. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. உலகில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன் இது. மகாசீர்கள் குறைகின்றன என்ற கவலையில், மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பக்கம் ஒரு பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகாசீர் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். அது கிருஷ்ணைப் படுகையைச் சேர்ந்த வேறு இனம். பிடித்து உடனே விட்டுவிடும் தூண்டில் முகாம் ஒன்றின் 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆய்வாளர்கள் பின்னால் எடுத்துப் பார்த்தார்கள். மொத்த எண்ணிக்கை ஏறியிருந்தது. ஆனால் ஏறியது வந்த மீன். சொந்த மீன் சரிந்திருந்தது. சிக்கிய ஒன்றிரண்டு கூன்முதுகு மீன்களும் பெருத்த கிழங்கள், குட்டிகளைக் காணோம். பெரிய மீன் சிக்கும்வரை ஆறு நன்றாக இருக்கிறது என்றுதான் தூண்டில்காரன் நினைப்பான்.

இதில் இன்னொரு கூத்து. இந்த மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் அழியும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலிலும் சேர்க்க முடியவில்லை. அமராவதி ஆற்றுக்கு வரும் பாம்பாற்றில் முன்பே கண்டு, மீனியலாளர் ரேமாதேவியின் பெயரிட்டு விவரித்த 'டோர் ரேமாதேவி'தான் இது என்று பவானியில் சேரும் மோயாற்றில் கிடைத்த மீன்களை வைத்து அந்த ஆண்டில்தான் தெளிவானது. அதே ஆண்டு 'அழிவின் விளிம்பில்' என்ற பிரிவில் சேர்த்தார்கள்.

சரி, நாட்டு மீனுக்கு என்னதான் வேண்டும்? தண்ணீர் இருந்தால் போதாது. அடுத்த முறை ஆற்றில் இறங்கும்போது ஓட்டமுள்ள இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் சுத்தமாக இருந்து, சிறு பூச்சிகள் நெளிந்தால் நல்ல இடம். சேறு அப்பிக் கறுத்து, நாற்றம் அடித்தால் அங்கே முட்டை பிழைக்காது. மகாசீர் போன்றவை புதுவெள்ளத்தில் மேலே ஏறிச் சரளைக்கற்களின் நடுவே முட்டையிடும். இடுக்கு வழியே ஓடும் நீர்தான் முட்டைக்கு மூச்சு. பொரிந்த குஞ்சும் உடனே நீந்தாது. வெளிச்சத்துக்கு அஞ்சிக் கல்லிடுக்கில் சில நாள் ஒதுங்கிக் கிடக்கும். வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருதான் அதுவரை சாப்பாடு. அந்த இடுக்கை வண்டல் அடைத்துவிட்டால், மேலே எத்தனை தாய்மீன் இருந்தும் பயனில்லை.

மணலும் அப்படித்தான். அயிரை மணலுக்குள் புதைந்து வாழ்கிற மீன். மணலை அள்ளிக் களிமண் தெரியும் ஆற்றில் அதற்கு வீடே இல்லை. மணல் எடுத்த பள்ளத்தில் தேங்கும் நீரில் வேறொன்று கொண்டாட்டமாக வாழும்: 1952-இல் இந்தியாவுக்குள் வந்த திலாப்பியா, நம் ஊர் ஜிலேபி. பள்ளம் பறித்து முட்டையிட்டு, வாயிலேயே அடைகாக்கும் மீனுக்குச் சரளையும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். ஜிலேபி வந்து நாட்டு மீனை விரட்டிவிட்டது என்கிறோம். பாதி உண்மை. அதற்கு ஏற்ற வீட்டை நாம் கட்டிக்கொடுத்தது மீதி.

அடுத்தது வழி. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வளரும். உள்ளம் என்கிற ஹில்சா மீன் கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறி முட்டையிடும். இரண்டுக்கும் தடுப்பணை ஒரு சுவர். கொள்ளிடத்துக் கீழணையில் உள்ளத்துக்காக அந்தக் காலத்திலேயே மீன்வழி கட்டிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் கீழே வெள்ளமும் அடங்கிப்போயிற்று. இன்று கரையோரத்தில் உள்ளம் என்றால் இளைஞர்கள் விழிப்பார்கள்.

உங்கள் பணத்துக்கு வருகிறேன். கர்நாடகத்தில் துங்கை ஆற்றின் சிருங்கேரிப் படித்துறையில் இன்றும் பெரிய மகாசீர்கள் கூட்டமாக நிற்கின்றன. தாமிரபரணியில் பாபநாசம் படித்துறையிலும் மீன்கள் பயமின்றிப் பொரி தின்னும். கோயில் மீன் என்று யாரும் வலை போடுவதில்லை. அவற்றைக் காப்பது அந்தக் கட்டுப்பாடுதான். பொரி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை.

உங்கள் ஊரிலும் கோடையில் வற்றாத மடு ஒன்றாவது இருக்கும். எது என்று வலைக்காரர்களிடம் கேளுங்கள். கடைசி மீன்கள் வெயில் காலத்தை அங்கேதான் கழிக்கும். அங்கே வெடித் தோட்டா போடுவதில்லை, சிறுகண் வலை போடுவதில்லை, புதுவெள்ளம் வந்த சில வாரங்களுக்குச் சினைமீன் பிடிப்பதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுங்கள். வலைக்காரர்களுக்கு அந்த வாரங்களின் வருமான இழப்பை ஈடுகட்டத் திரட்டிய பணம் உதவும். சும்மா நிறுத்தச் சொன்னால் யார் கேட்பார்கள்?

மேலே ஓடைகளில் மழைக்காலத்தில் மீன் ஏறும் இடத்தைக் குப்பையோ உடைந்த சிறுபாலமோ அடைத்திருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். இரண்டு மூன்று மழைக்குப் பிறகும் குட்டிகள் தென்படவில்லை என்றால் மட்டும் குஞ்சு பற்றி யோசிக்கலாம். அப்போதும் அதே ஆற்றுத் தாய்மீனின் குஞ்சாக இருக்க வேண்டும். மீனியல் படித்தவர் ஒருவர் பையைத் திறந்து பார்த்த பிறகே விட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு பரிசல்காரரையாவது கூப்பிடுங்கள்.