மாடிப்படி ஏறுகிறவர் வாசலில் நிற்பது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. சில வருடங்களாகப் பார்க்கின்சன் நோய். மாடிப்படியைக் கடகடவென்று ஏறிவிடுகிறார். ஆனால் அறையை விட்டுக் கூடத்துக்கு வரும்போது, கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் வாசலிலேயே நின்றுவிடுகிறார். "எல்லாம் வீம்பு" என்கிறார் அம்மா. அப்படியும் இருக்குமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வீம்பே இல்லை, அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்டாக நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இதே புகார்தான்.

நடை பழகும் குழந்தையைப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் முழுக் கவனத்தையும் செலவழிக்கும். பழகிய பிறகு அந்த வேலையில் பெரும்பங்கை மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதி பார்த்துக்கொள்கிறது. நாம் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடக்கிறோம். அந்தப் பகுதிக்கு டோபமின் என்ற வேதிப்பொருளைக் கொடுப்பது நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் சப்ஸ்டான்சியா நைக்ரா. அங்குள்ள செல்கள் அழிவதுதான் பார்க்கின்சன். காலில் பலம் இருந்தும், தானாக வர வேண்டிய அடி வராது. குறுகலான வாசல், திரும்பும் இடம், போன் மணி அடிக்கும் அவசரம், இங்கெல்லாம்தான் மாட்டிக்கொள்வார்கள்.

மாடியில் ஒவ்வொரு படியின் விளிம்பும் "இங்கே வை" என்று கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. வழவழ டைல்ஸ் தரையில் அது ஏது?

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் பூஜையறை வாசலில் ஐந்து நிமிடம்கூட நிற்பார். ஒருநாள் அவர் மருமகள் கோலமாவை எடுத்துக் குறுக்கே நாலு கோடு இழுத்தார். மனிதர் முதல் கோட்டைத் தாண்டினார், அப்புறம் நிற்கவே இல்லை. நீங்கள் மாவு போடாதீர்கள், வழுக்கும். தரை நிறத்துக்கு எடுப்பான டேப்பை ஓர் அடிக்கு ஒன்றாக, வாசலுக்கு இருபுறமும் குறுக்கே ஒட்டுங்கள். எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் செலவு ஒரு டேப் சுருள்தானே.

நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுந்துவிடுவார். உடம்பை இடமும் வலமும் மெல்ல அசைக்கச் சொல்லி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள்.

எந்தெந்த மணிக்கு நிற்கிறார் என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்துவையுங்கள். அடுத்த வேளை மாத்திரை நெருங்கும்போதுதான் அதிகம் என்றால், நரம்பியல் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தக் காலண்டரைத்தான்.