தர்மபுரி மாதிரி மாவட்டத்தில் ஹவுஸ் சர்ஜன்களே சேர்ந்து, பல ஆஸ்பத்திரிகளை இணைத்து ஆராய்ச்சி செய்ய முடியுமா?

முடியும். பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன். எம்பிபிஎஸ் படிப்பின் கடைசியில் ஹவுஸ் சர்ஜனாக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கட்டாயப் பயிற்சி (சிஆர்ஆர்ஐ) வருஷத்தில், வேறு வேறு ஆஸ்பத்திரிகளில் இருந்த நாலு நண்பர்கள் ஆரம்பித்தோம். முதலில் வாட்ஸ்அப் குரூப், அடுத்து லோகோ. மூன்று மாதம் லோகோவின் நிறத்தைப் பற்றியே பேசினோம். கேள்வி இல்லாமல் ஆள் சேர்த்தால் அப்படித்தான்.

கேள்வி டூட்டியிலேயே கிடைத்தது. அரூர், பென்னாகரம் பக்கமிருந்து பாம்புக்கடி வந்தால் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை பார்ப்போம். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் இருந்தால் விஷம் ரத்தத்தைப் பாதித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத்தூளில் கழுவியிருந்தாலோ நல்ல ரத்தமே உறையாமல் நிற்கலாம். தேவையில்லாதவருக்கும் ஏஎஸ்வி (பாம்பு விஷ முறிவு மருந்து) ஏறும். எங்களில் ஒருவன் இருந்த இடத்தில் கண்ணாடிக் குழாயே இல்லை. மற்ற இடங்களில்? ஒரு ஆஸ்பத்திரியில் மட்டும் இதைக் கேட்டால் புகார்; பத்து இடத்தில் ஒரே படிவத்தில் கேட்டால் ஆய்வு.

வருஷம் முடிந்ததும் ஆள் கலைந்துவிடுமே என்று பயப்படாதீர்கள். இங்கிலாந்தில் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியின் பயிற்சி சர்ஜன்களும் ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி மாறுகிறவர்கள்தான். அவர்கள் நடத்திய ரோசினி ஆய்வில் 21 ஆஸ்பத்திரிகள், 760 நோயாளிகள். வயிற்று ஆபரேஷனில் காயத்தின் ஓரத்தைக் காக்கப் போடும் உறை, புண்ணில் தொற்று வருவதைக் குறைக்கவில்லை என்று 2013-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். நமக்கும் பிஜிக்கள் (மேற்படிப்பு டாக்டர்கள்) மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மூன்று மாத மாவட்ட ரெசிடென்சி இருக்கிறது. அதில் வருகிறவர்களைப் பிடித்துக் குழுவில் போடுங்கள்.

ஆய்வு நோயாளிகளுக்கு நியாயமானதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியை ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். கேஸ் ஷீட்டை போட்டோ எடுத்து குரூப்பில் போடவே கூடாது.

நாங்கள் உடைந்தது வேறு இடத்தில்: ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில்? விவரமெல்லாம் சேர்ந்த பிறகு இதைப் பேச உட்கார்ந்தோம். இன்றும் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. படிவம் அச்சாகும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். குழுவின் பெயரிலேயே வெளியிட்டு, உழைத்த எல்லாரையும் உள்ளே பட்டியலிடுவது இந்த மாதிரிக் குழுக்களில் வழக்கம். ஹெச்ஓடி (துறைத் தலைவர்) பெயர் எங்கே வரும் என்பதையும் அன்றைக்கே, அவரிடமே கேட்டுவிடுங்கள். அதற்கு மட்டும் கொஞ்சம் தைரியம் வேண்டும், எங்களுக்கு வரவில்லை.